அறிவிப்பாளரை வெட்டியவன்

1984 ஜனவரி 8, ஞாயிறு

ஆம்பிளிஃபயர் முடிந்தது. முடிந்தது என்றால் பாடுகிறது. பாட்டோடு ஒரு வண்டும் சேர்ந்து பாடுகிறது. வண்டு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. மூடியைத் திறந்தால் நிற்கிறது, மூடினால் வருகிறது. வண்டுக்கும் என்னைப் பிடிக்கவில்லை போல.

இதை நான் செய்தது நவமணிக்காக. எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் வேறு மாதிரி சொல்லக்கூடாது. தஞ்சோங் ரம்புத்தான் பெரிய மனநோய் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை. ஒரு மாதம் ராத்திரி ஷிப்ட் வந்தால் பகலெல்லாம் தூங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் கேசட் போட்டால் அவள் தலையணையைக் காதில் வைத்து அழுத்திக்கொள்வாள். அதனால் ஆ லியோங்கின் ரேடியோ ரிப்பேர் கடையில் ஒரு பழைய பெரிய ஹெட்போன் வாங்கினேன். என் கையகல ரெக்கார்டருக்கு அந்த ஹெட்போனைப் பாட வைக்கும் தெம்பு இல்லை. இடையில் ஒரு ஆம்பிளிஃபயர் வேண்டியிருந்தது. சோப்புப் பெட்டிக்குள் கட்டினேன்.

நவமணி பார்த்துவிட்டு, "சோப்பு எங்கங்க?" என்றாள்.

ஜனவரி 22, ஞாயிறு

தைப்பூசக் கூட்டத்தில் தொலைந்த செருப்புக்குப் பதில் புதுச் செருப்பு வாங்கப் போனவன், செருப்பு வாங்காமல் தட்டையான பிஸ்கட் டின் ஒன்றோடு வந்தேன். பிளாஸ்டிக் பெட்டி வண்டை விடாது, தகரப் பெட்டிதான் விரட்டும் என்று ஆ லியோங் சொன்னான். டின்னுக்குள் மாற்றினேன். வண்டு போய்விட்டது. பிஸ்கட் வாசனை மட்டும் இருக்கிறது.

பழைய லோரி டியூபை வெட்டி, டின்னைக் கட்டிக்கொள்ள ஒரு இடுப்பு வார் செய்தேன். லோரி உதிரி பாகக் கடையில் ஸ்டோர் பார்ப்பவனுக்கு இந்த ஒரு வசதி உண்டு. மத்தியானம் அதைக் கட்டிக்கொண்டு குப்பை போட வெளியே போனேன். பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா கேட்டார்: "சன்னாசி, டாக்டர் கட்டச் சொன்னாராப்பா?"

பிப்ரவரி 2, வியாழன்

ஒரு யோசனை வந்திருக்கிறது. யோசனை வரும்போதெல்லாம் எனக்கு ஏதாவது ஆகும், இருந்தாலும் வந்துவிட்டது.

கேசட்டில் இருக்கும் பாட்டையே எத்தனை தடவை கேட்பது. ஆம்பிளிஃபயர் டின்னுக்குள்ளேயே ஒரு ரேடியோவும் இருந்தால்? வெளிப்பெட்டி வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம், வெறும் பலகையும் சுருளும் போதும். ரேடியோ உள்ளே வாங்கும், ஆம்பிளிஃபயர் பெருக்கும், ஹெட்போன் பாடும். ஒரு வயரை ரெக்கார்டருக்குக் கொடுத்தால் வெளிச்சத்தம் கலக்காமல் நேயர் விருப்பப் பாட்டைச் சுத்தமாகப் பிடிக்கலாம். பேராக் மாநிலத்திலேயே இப்படி ஒன்று யாரிடமும் இருக்காது.

ஆ லியோங்கிடம் ரேடியோ பலகை கேட்டேன். "ஆர்டர் போட்டா ரெண்டு மாசம்லா," என்றான். பிறகு, "உன் வீட்ல ரேடியோ இல்லயா?" என்றான்.

இருக்கிறது. அலமாரி மேல் இருக்கிறது. நவமணியின் அப்பா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்தது.

சும்மா எழுதினேன்.

பிப்ரவரி 11, சனி

சும்மா எழுதவில்லை.

அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பலகையை வெளியே எடுத்துவிட்டேன். உடைக்கவில்லை, ஒன்றையும் வெட்டவில்லை. திரும்ப வைத்துவிடலாம். பெட்டியை மூடி அலமாரியிலேயே வைத்தேன். முன்பக்கம் பார்த்தால் பழைய ரேடியோதான்.

ஆனால் நவமணி வெள்ளிக்கிழமை தோறும் அதைத் தூக்கித் துடைப்பவள். எடை குறைந்தால் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் கடையிலிருந்து தேய்ந்த பிரேக் லைனிங் ஒன்றைக் கொண்டுவந்து துணியில் சுற்றி உள்ளே வைத்தேன். தூக்கிப் பார்த்தேன். அதே எடை. இவ்வளவு மூளை எனக்கு இருப்பது பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

இந்த மாதம் அவளுக்கு ராத்திரி ஷிப்ட். ரேடியோ போட நேரமில்லை. ஆ லியோங்கிடம் வேறு பலகைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் உள்ளே வைத்துவிடலாம்.

பிப்ரவரி 14, செவ்வாய்

டப் டப் டப் டப். ஒரே பேட்டரியில் ரேடியோவையும் ஆம்பிளிஃபயரையும் ஓட்டினால் லூமுட் ஜெட்டியில் படகு கிளம்புகிற சத்தம். பாட்டு இல்லை, படகுதான்.

பிப்ரவரி 16, வியாழன்

ரேடியோவுக்குத் தனிப் பேட்டரி. படகு நின்றது. இப்போது பீஜிங்கா மாஸ்கோவா தெரியவில்லை, யாரோ ஒரு அம்மா கோபமாகப் பேசுகிறார். தமிழ் வரவில்லை. தகர டின் வண்டை விரட்டியது சரி, ரேடியோ அலையையும் சேர்த்து விரட்டுகிறது. வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்ட கதைதான் இனி.

பிப்ரவரி 19, ஞாயிறு

வெளியே ஒரு வயர் இழுத்துத் துணி காயப்போடும் கம்பியில் கட்டினேன். வந்துவிட்டது. தமிழ் ரேடியோ, கண்ணாடி மாதிரி. ஆனால் கம்பியில் ஈரத்துணி இருந்தால் குறைகிறது. இரண்டு சட்டைக்கு ஒரு பாட்டு மங்குகிறது. துணி துவைக்கும் நாளுக்கும் பாட்டுக் கேட்கும் நாளுக்கும் இனி அட்டவணை போட வேண்டும்.

நவமணி கேட்டாள்: "கம்பியில என்னங்க வயரு?"

"இடிதாங்கி," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுத் துணியை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் தினமும் இதைவிடப் பெரிய பதில்களைக் கேட்டுப் பழகியவள்.

பிப்ரவரி 24, வெள்ளி

கல்யாணமாகிப் பத்து வருஷம். அவள் பாயாசம் வைத்தாள். நான் அவளுக்கு ஒரு சேலை எடுத்திருந்தேன். கலர் நல்லாயில்லை என்று அவள் சொல்லவில்லை, நான் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சாப்பிட்ட பிறகு, "ஞாயித்துக்கெழம மத்தியானம் எங்கயும் போயிடாதீங்க, வீட்லயே இருங்க," என்றாள். காற்றாடியைக் கழற்றித் துடைக்கச் சொல்லப் போகிறாள் என்று நினைக்கிறேன். நாலு மாதமாகச் சொல்கிறாள்.

இருப்பேன். எனக்கும் ஞாயிறு மத்தியானம் வீட்டில்தான் வேலை. டின் வழியாக முதல் பதிவு.

பிப்ரவரி 26, ஞாயிறு

வெற்றி.

ஒரு மணிக்கு நேயர் விருப்பம் தொடங்கியது. பின்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். கம்பியில் ஒரு துணி இல்லை, நானே எல்லாவற்றையும் எடுத்து உள்ளே போட்டிருந்தேன். ஹெட்போன், டின், ரெக்கார்டர், புதுக் கேசட். எட்டுப் பாட்டுப் பிடித்தேன். அந்தத் தெளிவை நான் எந்தக் கடையிலும் கேட்டதில்லை. தபேலாக்காரர் விரல் நகம் வெட்டாதது கூடத் தெரிகிறது.

அறிவிப்பாளர் பேச்சு ஒரு சொல் விழவில்லை. அதுதான் கைத்திறன். பாட்டு முடிந்து அவர் வாயைத் திறந்தவுடன் பாஸ் பட்டனை அமுக்க வேண்டும். "சுங்கை சிப்புட்டிலிருந்து மாமா, மாமி, அத்தை, சித்தப்பா" என்று அவர் பேர் பேராக வாசித்து முடிக்கும் வரை ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக் காத்திருந்து, இசை தொடங்கும் நொடியில் விரலை எடுக்க வேண்டும். முந்தினால் அவர் வால் விழும். பிந்தினால் பாட்டின் தலை போகும். நான் முந்தவும் இல்லை பிந்தவும் இல்லை. மூன்றாவது பாட்டில் மட்டும் ஒரு சின்னச் சறுக்கல். அதற்கும் காரணம் நவமணி. சரியாக அந்த நேரம் பார்த்து வந்து கதவில் நின்று, "என்னங்க, ரேடியோ..." என்று ஆரம்பித்தாள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன், பொறு என்று. அவள் போய்விட்டாள்.

சாயங்காலம் பெருமையாகச் சொல்லிவிட்டேன், ரேடியோ பலகையை எடுத்தது உட்பட. எப்படியும் தெரியத்தானே போகிறது. கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"பேரெல்லாம் வாசிச்சாரே, அதயும் புடிச்சீங்களா?"

"அத எவன் கேப்பான்? சுத்தமா வெட்டிட்டேன்ல," என்றேன்.

அவள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

பிப்ரவரி 27, திங்கள்

பேசவில்லை. பலகையை எடுத்ததற்குத்தான். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

பிப்ரவரி 28, செவ்வாய்

கடையில் முதலாளி தவுக்கே சிரித்துக்கொண்டே கைகொடுத்தார். "சன்னாசி, பொண்டாட்டி நல்ல பொண்டாட்டிலா. என் லோரி டிரைவர் எல்லாம் சொல்றான், ரேடியோல உன் பேர்."

என் பேரா என்று கேட்டேன். உன் பேர்தான் என்றார். வேறு சன்னாசியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேறு சன்னாசி இல்லை. வாசலில் மாரியம்மா அக்கா பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஏம்ப்பா, அவ ஒரு மாசத்துக்கு முன்னயே கல்யாண நாளுக்குன்னு ரேடியோவுக்குக் கார்டு எழுதிப் போட்டா. என்கிட்டதான் காட்டுனா. பத்து வருசமா மத்தவங்க புள்ளைங்க பேரயே கேட்டுக்கிட்டு இருக்கேன்க்கா, ஒரு தடவ எங்க பேரும் வரட்டுமேன்னா. அன்னிக்குப் புதுச்சேல கட்டிக்கிட்டு ரேடியோவத் திருகுறா திருகுறா, சத்தமே இல்ல. ஒன்னக் கூப்புட வந்தாளாம், நீ கையத் தூக்கிக் காட்டுனியாம். செருப்புக்கூடப் போடாம எங்க வீட்டுக்கு ஓடியாந்தா. அவ வாசப்படி ஏறும்போது பேரு முடிஞ்சு பாட்டு ஓடுதுலா. மூணாவது பாட்டு."

மூன்றாவது பாட்டு.

அந்த நேரம் எங்கள் இரண்டு பேர் பேரும் என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என் விரல் பாஸ் பட்டன் மேல் இருந்தது. அவள் கதவில் நின்றாள். நான் கையைத் தூக்கினேன்.

என்னத்த எழுதறது. ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப புள்ள பொறந்த நாளுக்கு எல்லா வீட்லயும் கார்டு போடுவாங்க. எங்களுக்கு ஒண்ணுக்கும் காரணம் வந்ததில்ல. அவளா ஒரு காரணத்தக் கண்டுபுடிச்சு எழுதிப் போட்டிருக்கா — சேலைய வேற கட்டிக்கிட்டு — கலரு புடிக்காத சேல — நான் என்னா மனுசன்? ரேடியோவுக்குள்ள பிரேக் லைனிங்க வச்ச மனுசன்.

பிப்ரவரி 29, புதன்

மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க," என்றாள். அந்தச் "சரிங்க"வுக்குப் பதில் எனக்கு நாலு அடி கொடுத்திருக்கலாம்.

வேலை முடிந்து வந்து பார்த்தால் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் பிரேக் லைனிங் இருந்தது. துணியைத் துவைத்து மடித்துத் தனியாக வைத்திருந்தாள்.

மார்ச் 1, வியாழன்

கேசட்டைப் போட்டு மூன்றாவது பாட்டின் தலையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தச் சறுக்கலில் ஏதாவது விழுந்திருக்கும் இல்லையா? விழுந்திருக்கிறது. ஆம்பிளிஃபயரை முழுவதும் திருகினால் "காக" என்று கேட்கிறது. தம்பதியருக்காக என்பதில் கடைசித் துண்டு. மற்றதெல்லாம் என் கைத்திறனில் போய்விட்டது.

இத்தனை தெளிவாக ஒரு காக்கையை யாரும் பதிவு செய்திருக்க மாட்டார்கள்.

மார்ச் 4, ஞாயிறு

சுங்கை சிப்புட் போனேன், நவமணியின் தம்பி ஜெயபாலனைப் பார்க்க. லோரி ஓட்டுகிறவன். லோரியில் போடுவதற்காக ஞாயிறு தவறாமல் நேயர் விருப்பத்தைப் பதிவு செய்பவன். தோட்ட லயத்து வரிசை வீடுகளில் அன்று எல்லா ரேடியோவிலும் அக்கா பேர் கேட்டதாம். அம்மன் கோயில் பூசாரி வரைக்கும் கேட்டாராம்.

"மச்சான், நீங்க கேக்கலயா?" என்றான்.

"கேட்டேன் கேட்டேன்," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு, "உன் கேசட்டக் கொஞ்சம் குடு, அந்தப் பேரு வாசிச்சதப் போட்டுக் கேக்கணும்," என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பேரா? அதெல்லாம் எவன் மச்சான் புடிப்பான்? லோரில போட்டா அந்தாளு பேச்சு தொந்தரவுலா. கட் பண்ணிருவேன்."

போட்டுக் காட்டினான். மூன்றாவது பாட்டு. "காக" கூட இல்லை. என்னைவிடச் சுத்தமாக வெட்டுகிறான். வந்த வேலையை மறந்து ஒரு நிமிஷம் எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்போதுதான் என் மேல் எனக்கே பயம் வந்தது.

மார்ச் 10, சனி

லயத்தில் மூன்று வீடு, எங்கள் சிலிபினில் இரண்டு வீடு, தவுக்கேயின் டிரைவர் ஒருவர். நான் கேட்காத ஆள் இல்லை. எல்லாரிடமும் பாட்டு இருக்கிறது. யாரிடமும் பேர் இல்லை. இந்தப் பேராக்கில் தமிழன் ஒவ்வொருவனும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்குப் பாஸ் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு அறிவிப்பாளர் வாய் திறக்கக் காத்திருக்கிறான். கார்டு எழுதிப் போடுவதும் நாம்தான், வாசிக்கும்போது வெட்டுவதும் நாம்தான்.

நான் கேசட் தேடி அலைவது நவமணிக்குத் தெரிந்துவிட்டது. ஜெயபாலன் சொல்லியிருப்பான். இன்று துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"விடுங்க. காத்துல போனது போனதுதான். யாரு வீட்லயும் போய் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, எனக்குத்தான் வெக்கமா இருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

மார்ச் 17, சனி

ரேடியோ பலகையைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தேன். நான்கு திருகாணிகளில் ஒன்றைக் காணவில்லை. பேட்டரி போட்டுத் திருகினால் ஊமை. ஒன்றையும் வெட்டவில்லை என்று பிப்ரவரியில் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு கூட வரவில்லை.

ஆ லியோங்கிடம் எடுத்துப் போனேன். தலைமுடி அளவு வயர் ஒன்று அறுந்திருந்தது. சேர்த்துக் கொடுத்துவிட்டு, "இனி நீ தொடாதேலா," என்றான். அவனிடம் சொல்லி வைத்த புதுப் பலகை எப்போது வரும் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். கேட்காமல் வந்தது இந்த வருஷத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

வீட்டுக்கு வந்து அலமாரியில் வைத்தேன். பாடியது. நவமணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். ஆனால் எட்டிப் பார்த்தாள்.

மார்ச் 20, செவ்வாய்

நான் ஒரு கார்டு எழுதினேன். அதே பாட்டைக் கேட்டு. நாலு கார்டு கிழித்த பிறகு ஐந்தாவதைத் தபாலில் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. வராமல் போனால் இன்னொரு வெட்கம் அவளுக்கு எதற்கு.

ஏப்ரல் 1, ஞாயிறு

வரவில்லை. முட்டாள்கள் தினத்தில் எனக்குத்தான் முதல் பேர் வந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 22, ஞாயிறு

வரவில்லை. மூட்டை மூட்டையாகக் கார்டு போகுமாம், எடுத்தால்தான் உண்டு என்கிறார் மாரியம்மா அக்கா. அவள் கார்டு எடுத்த எடுப்பில் வந்தது எத்தனை பெரிய அதிர்ஷ்டம் என்று இப்போது புரிகிறது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இன்னொரு கார்டு போட்டேன்.

மே 13, ஞாயிறு

என் வழக்கம் தலைகீழாகிவிட்டது. வீட்டு ரேடியோவின் ஹெட்போன் துளையில் வயர் செருகினால் அதன் சத்தம் நின்றுவிடும் என்பதால், அதைச் சத்தமாக வைத்து, ரெக்கார்டரையே முன்னால் வைத்துப் பிடிக்கிறேன். வெளிச்சத்தம் எல்லாம் விழுகிறது. விழட்டும். பாட்டு தொடங்கினால் பாஸ். அறிவிப்பாளர் வாய் திறந்தால் விரலை எடுக்கிறேன். எங்கள் பேர் எந்த வாரம் வரும் என்று தெரியாது, பட்டனை அமுக்க மறந்து தொலைத்துவிட்டால்? அதனால் எல்லாப் பேரையும் பிடிக்கிறேன்.

கேசட் நிறையப் பேர்தான். பாரிட் புந்தாரில் வீரம்மாவுக்கு அறுபது வயது. தேனப்பன், சாலா தம்பதிக்கு முதல் குழந்தை. பத்து வருஷமாக நான் வெட்டிப் போட்டதெல்லாம் இதுதானா? இவர்களையெல்லாம் எனக்கு இப்போது தெரியும். வீரம்மாவுக்குப் போன வருஷம் என்ன பாட்டுக் கேட்டார்களோ என்று கவலைப்படுகிறேன்.

நவமணி இன்று பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். "பாட்டு வந்தா எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போறீங்க, பேரு வந்தா ஓடி வந்து உக்காரறீங்க. நல்லாத்தான இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"எங்க ஆஸ்பத்திரில எடம் இருக்கு, சொல்லி வைக்கவா?"

கேலி செய்தாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை. எட்டு நாள் தூக்கம் வராதவனுக்குத் தூக்கம் வந்த மாதிரி இருக்கிறது.

மே 27, ஞாயிறு

வரவில்லை. இன்று தபாலில் போட்டது ஐந்தாவது கார்டு. தபால்காரர் என்னைப் பார்த்தால் தலையாட்டுகிறார்.

ஜூன் 10, ஞாயிறு

பலத்த மழை. ஒரே கரகரப்பு. பேர் வந்திருந்தாலும் தெரிந்திருக்காது. வந்திருக்குமோ? அந்தக் கரகரப்பை மட்டும் ஆம்பிளிஃபயரில் போட்டு ஒரு மணி நேரம் கேட்டேன். மழைதான்.

அடுத்த வாரம் வரை பார்ப்பது. வராவிட்டால் அவளிடம் சொல்லிவிடுவது.

ஜூன் 17, ஞாயிறு

வந்துவிட்டது.

அவள் வீட்டில் இல்லாத ஞாயிறாகப் பார்த்து வந்தது. காலை ஷிப்ட், இரண்டு மணிக்குத்தான் முடியும். நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். அறிவிப்பாளர் அடுத்த கார்டை வாசிக்க வாயைத் திறந்தார். விரல் சரியான நேரத்தில் எழுந்தது. சரியான நேரத்தில் அமுக்கியது. மூன்று மாதப் பழக்கம்.

பிறகு யோசிக்கவில்லை. ரெக்கார்டர், ஹெட்போன், பிஸ்கட் டின் எல்லாவற்றையும் டியூப் வாரில் மார்போடு கட்டிக்கொண்டு கப்சாய் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். தஞ்சோங் ரம்புத்தான் வரை மழை வராமல் இருந்தது சாமி புண்ணியம். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி என்னைப் பார்த்தார். நெஞ்சில் டின், டின்னிலிருந்து வயர், கழுத்தில் ஹெட்போன், கலைந்த தலை. மிகவும் அன்பாகக் கேட்டார், எந்த வார்டு, கூட யாரும் வரலையா என்று. மனைவி உள்ளே வேலை செய்கிறாள் என்றேன். "சரி, சரி," என்றார். நம்பவில்லை. உட்கார நாற்காலி கொடுத்தார்.

ஷிப்ட் முடிந்து பத்துப் பதினைந்து பேரோடு நவமணி வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "என்னங்க, யாருக்கு என்னாச்சு?"

ஹெட்போனைக் கழற்றி அவள் தலையில் மாட்டினேன். அத்தனை பேர் முன்னால். இந்தப் பத்து வருஷத்தில் ரோட்டில் வைத்து நான் அவள் கையைக்கூடத் தொட்டதில்லை. பட்டனை அமுக்கினேன்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மனப்பாடம். அறிவிப்பாளர் குரலில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும்: "ஈப்போ சிலிபினிலிருந்து சன்னாசி, தன் மனைவி நவமணிக்காக விரும்பிக் கேட்கிறார். பத்தாவது கல்யாண நாள் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டதாம். தாமதத்துக்குக் காரணம் தான்தான், வேறு யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறார். இருவரும் நீடூழி வாழ வாழ்த்துகிறோம்."

கூட வந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அவள் கண் நிறைந்ததைப் பார்த்தேன். பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, ஒரு பக்கத்துக் காதை விரலால் அழுத்திப் பார்த்தாள். மறுபக்கத்தையும் அழுத்திப் பார்த்தாள்.

"பாட்டு எங்கங்க?" என்றாள்.

பாட்டு.

பாட்டு தொடங்கியதும் பாஸ் பட்டனை அமுக்கிவிட்டேன். சுத்தமாக. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

"வெட்டிட்டேன்," என்றேன்.

அவள் டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, அங்கேயே அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணீர் வர வரச் சிரித்தாள். காவலாளி என்னைவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது ஹெட்போனைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். ஹெல்மட், ரெக்கார்டர், டின் எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பேரையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். போலீஸ் பார்த்தால் சம்மன்தான் என்றேன். காதில் விழவில்லை. தஞ்சோங் ரம்புத்தானைத் தாண்டியதும் பாட ஆரம்பித்தாள், நான் வெட்டிய அந்தப் பாட்டை. முதல் சரணம் தெரியும், இரண்டாவது தெரியாது. அதனால் முதல் சரணத்தையே மறுபடியும் பாடினாள்.

காது இரண்டும் அடைத்திருந்ததால் எவ்வளவு சத்தமாகப் பாடுகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தாசேக் சிவப்பு விளக்கில் நின்றபோது பக்கத்து லோரிக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார், பின்னால் பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கவில்லை.